சித்திரைக்கு முதல் போகப் பார்த்த அத்தான்

என்ர ராணி அக்காவுக்கு,

வெள்ளவத்தையில இருந்து உங்கட தங்கச்சி எழுதுறன். அங்க நீங்கள் சுகமாத்தான் இருப்பீங்கள். இல்லாட்டியும் என்னட்டச் சொல்லமாட்டீங்கள், அது உங்கட பழக்கம். இஞ்ச நாங்கள் இருக்கிறம். கடற்காத்துக்கு யன்னல் கம்பியெல்லாம் கறள் பிடிச்சுப் போச்சு. லிஃப்ட் வேலை செய்யுற நாளைவிடச் செய்யாத நாள்தான் கூட. மற்றபடி சுகம்.

உங்களோட கதைக்க வேண்டிய ஒரு விஷயம் நெஞ்சுக்குள்ள கிடந்து அறுக்குது. நீங்கள் இருந்திருந்தால் வாட்சப்பில ஒரு மணித்தியாலம் கத்திப்போட்டு ஆறியிருப்பன். இப்ப ஆரிட்டக் கத்த? அதுதான் எழுதிப் பத்திரிகைக்குக் குடுக்கிறன். நாலு சனம் வாசிச்சால் வாசிக்கட்டும். வெக்கப்பட இதில ஒண்டுமில்லை.

அத்தானைப் பற்றித்தான் அக்கா.

வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கவேணுமே, அதுக்காக உங்களை ஒருக்கா உங்களுக்கே சொல்லிக் காட்டுறன், கோவிக்காதேங்கோ. எங்கட அக்கா கொட்டாஞ்சேனையில பிறந்தவ. எண்பத்திமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்கு நேர்ஸ் வேலைக்குப் போனவ. அங்க கால் முறிஞ்சு வாட்டில படுத்திருந்த டேவிட் எண்ட வெள்ளைக்காரக் கமக்காரனைப் பார்த்து, அவரையே கட்டி, டெவன் எண்டுற நாட்டுப்புறத்தில அவற்ற மாட்டுப்பண்ணைக்கே போயிட்டா. அவரின்ர அப்பாவின்ர அப்பா காலத்தில இருந்து அவையள்தான் அங்க பால் கறக்கினம். ஒரே மகன் ரவி. அவனும் அதே பண்ணையில அதே மாடுகளோடதான். அக்கா மூண்டு வருஷத்துக்கு முதல் போயிட்டா. சாம்பலில பாதியை நான் வெள்ளவத்தைக் கடலில விட்டன். மற்றப் பாதியை அத்தான் பண்ணையின்ர ரோட்டுப் பக்கத்து வயலில தூவினார்.

இன்னொண்டும் சொல்லவேணும். எங்கட அக்கா எதுக்கும் நேரத்துக்கு வந்த மனிசியில்லை. என்ர கலியாணத்துக்கே தாலி ஏறின பிறகுதான் வந்தவ, கையில ஒரு பெட்டி சொக்லேட்டோட. சிரிக்காதேங்கோ, பிறகு அது தேவைப்படும்.

சரி, இனி விஷயம்.

என்ர மனிசனுக்குக் காணி புரோக்கர் வேலை எண்டது உங்களுக்குத் தெரியும்தானே. பம்பலப்பிட்டியில இருந்து தெஹிவளை வரைக்கும் எந்த ஒழுங்கையில ஒரு பேர்ச்சஸ் காணி என்ன விலை போகுது எண்டு நித்திரையில கேட்டாலும் சொல்லுவார். நீங்கள் முதன்முதல் பண்ணைப் படம் அனுப்பினபோது இவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தினை ஏக்கர்?” ஏக்கரைப் பேர்ச்சஸ் ஆக்கி, அதை வெள்ளவத்தை விலையால பெருக்கப் போனார். கல்குலேட்டரில இடம் காணாமல் ‘ஈ’ எண்டு ஒரு இங்கிலீஷ் எழுத்துத்தான் வந்துது. இவர் தலையில கை வச்சுக்கொண்டு கதிரையில இருந்திட்டார். “உன்ர கொக்கா கோடீஸ்வரியடி,” எண்டார்.

அண்டையில இருந்து சொந்தக்காரர் எல்லாருக்கும் அதே கதைதான். நீங்கள் லீவில வந்தால் அதே பழைய கார்டிகன், அதே செருப்பு. கொட்டாஞ்சேனை மாமி முகத்துக்கு நேர கேட்டா, “இவ்வளவு காணியை வச்சுக்கொண்டு ஏன் பிள்ளை இந்தப் பிசினாறித்தனம்?” நீங்கள் கோவிக்கேல்லை. சிரிச்சுக்கொண்டு சொன்னீங்கள், “மாமி, வித்தால்தானே அது காசு. விக்காட்டி வெறும் புல்லு. புல்லை மாடு தின்னும், மாடு பால் தரும், பாலுக்குப் பெரிய கடைக்காரன் சொன்னதுதான் விலை.” மாமிக்கு அது ஏறேல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்ப வடிவா ஏறேல்லை.

இப்ப ஏறியிட்டுது. ஏனெண்டால் என்ர மனிசன் போட்ட அதே கணக்கை லண்டனில இருக்கிற அரசாங்கமும் போட்டுட்டுது.

நீங்கள் போன பிறகு வந்த சட்டம் அக்கா. முந்தி ஒரு கமக்காரன் செத்தால் அவன்ர காணியும் மாடும் வரியில்லாமல் பிள்ளைக்குப் போகும். அதாலதானே அத்தானின்ர கைக்கு அது முழுசா வந்தது. இனி அப்பிடியில்லை எண்டுட்டினம். ஒரு எல்லை போட்டு, அந்த எல்லைக்கு மேல உள்ள பெறுமதிக்கு வரி எண்டு அறிவிச்சினம். இந்தச் சித்திரையில இருந்து, அதுதான் இங்கிலீஷ் ஏப்ரல் தொடக்கத்தில இருந்து, ஆர் செத்தாலும் இதுதான் சட்டம். காணிக்கு என்ன விலை? பட்டணத்துப் பணக்காரன் வந்து வாங்கினால் என்ன குடுப்பானோ, அந்த விலை. அந்த விலையில பார்த்தால் அத்தானும் கோடீஸ்வரன்தான். ஆனால் ரவியின்ர லொறிக்கு டயர் மாத்தக் காசில்லை.

தவணை முறையில கட்டலாம் எண்டும் சொல்லுகினம்தான். எதில கட்டுறது? ரவி எனக்குப் பொறுமையா விளங்கப்படுத்தினான். பாலில மிஞ்சுறது வீட்டுச் செலவுக்கே மட்டுமட்டு. முந்தி அரசாங்கம் குடுத்த உதவிக் காசும் குறைஞ்சு குறைஞ்சு வருது. அப்ப வரி கட்ட வயலை விக்கவேணும். வயல் குறைஞ்சால் மாட்டைக் குறைக்கவேணும். மாட்டைக் குறைச்சால் பால் லொறி அந்த ஒழுங்கைக்கே வராது. “சித்தி, ஒரு கதிரையின்ர ஒரு காலை மட்டும் வரியாக் கேக்கிற மாதிரி,” எண்டான். விக்கிறதெண்டால் முதல் போறது ரோட்டுப் பக்கத்து வயல். அதுக்குத்தான் விலை கூட. அதிலதான் அக்கா நீங்கள் இருக்கிறீங்கள்.

டீவி நியூஸில லண்டன் ரோட்டெல்லாம் டிராக்டர். இவர் சோத்துக் கோப்பையோட எழும்பி நிண்டு பார்த்தார். “இதுக்குள்ள எங்கட பெடியனும் நிப்பானோ?” நிண்டவன்தான். அடுத்த நாள் படம் அனுப்பினான், மழைக்குள்ள, உங்கட அந்தச் சிவப்பு மப்ளரைக் கழுத்தில சுத்திக்கொண்டு.

இவர் சும்மா இருப்பாரோ? “அங்க பணக்காரர் வரிக்கு ஒளிக்கிறதுக்கெண்டே காணி வாங்கி விட்டிருக்கிறாங்களாம். ஆசுப்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கம் எங்க போய்க் காசெடுக்கிறது?” எண்டு கேட்டார். அதுவும் நியாயம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. சுறா பிடிக்கப் போறவை சுறாவைப் பிடிக்கட்டும். ஏன் இந்தச் சூடை மீனையும் சேர்த்து அள்ளுறாங்கள் எண்டுதான் கேட்டனான். இவர் திரும்பக் கதிரையில இருந்தார். சோத்தைத் திண்டு முடிச்சார்.

உங்களுக்கு ஞாபகமிருக்கா, எங்கட நாட்டில ஒரே இரவில செயற்கைப் பசளை உரம் வேண்டாமெண்டு நிப்பாட்டினாங்களே? வயல்காரர் ரோட்டில நிண்டு கத்தினதும், மரக்கறி விலை ஏறினதும், பிறகு நிப்பாட்டினவையே திரும்ப விட்டதும்? அப்ப நீங்கள் அங்க இருந்து எனக்கு ஃபோனில கொதிச்சீங்கள். “உங்கட ஆக்களுக்கு மண்டை பிழையடி. இஞ்ச எண்டால் கமக்காரனைக் கேக்காமல் ஒண்டும் செய்யமாட்டினம்.” ‘உங்கட ஆக்கள்’ எண்டு நீங்கள் சொன்னது எனக்குச் சுருக்கெண்டுது. பரவாயில்லை. இண்டைக்கு நான் திருப்பிக் கேக்கிறன், உங்கட ஆக்கள் மட்டும் கேட்டவையோ?

எங்கட மூளை என்ன செய்யும், எங்கட ஊர் வழியிலதானே ஓடும். சட்டம் வருகுது எண்டு கேள்விப்பட்ட உடனே நானும் இவரும் அத்தானுக்கு ஃபோன் எடுத்து, பெரிய லோயர் மாதிரி யோசனை சொன்னம். “அத்தான், இதுக்கேன் யோசிக்கிறீங்கள்? ரவியின்ர பேருக்கு இப்பவே காணி உறுதி எழுதுங்கோ. சீவிய உரித்தை மட்டும் நீங்கள் வச்சிருங்கோ. சாகும்வரைக்கும் வீடும் உங்களுக்கு, வளவும் உங்களுக்கு. இஞ்ச எல்லா அப்பா அம்மாவும் அப்பிடித்தான்.” இவர் புரோக்கர் எல்லோ, எத்தினை உறுதிக்குச் சாட்சிக் கையெழுத்து வச்ச மனிசன்.

அத்தான் சந்தோஷமா அங்கத்தை லோயரிட்டக் கொண்டுபோய்க் கேட்டிருக்கிறார். அது செல்லாதாம். குடுத்தால் முழுசாக் குடுக்கவேணுமாம். குடுத்திட்டு அதே வீட்டில அதே மாதிரி இருந்தால் குடுக்காத மாதிரித்தானாம். முழுசாக் குடுத்தாலும் ஏழு வருஷம் உயிரோட இருக்கவேணுமாம். அத்தானுக்கு எண்பது கிட்டுது. “உங்கட கொழும்பு யோசனை எனக்கு நல்லாப் பிடிச்சிருந்தது,” எண்டார் பாவம். “ஒரு கிழவன் தன்ர வீட்டில சாகலாம் எண்டு எழுதிவைக்கிற சட்டம் நல்ல சட்டம்.”

இனித்தான் அக்கா எழுதக் கஷ்டமான இடம்.

போன வருஷம் புரட்டாசியில ஒருநாள் பின்னேரம் நானும் இவரும் அத்தானைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு இருந்தம். அவருக்கு இதயத்தில ஒரு வால்வு பழுது, மூச்சு இளைக்குது, ஒப்பரேஷன் செய்தால் நல்லாயிடும் எண்டு ரவி சொல்லியிருந்தான். நான், “எப்பவாம் திகதி குடுப்பினம்?” எண்டு வாயெடுக்க, ஃபோன் அடிக்குது. பார்த்தால் அவர்தான்! இவர் அங்க இருந்து கத்தினார், “அத்தானுக்கு நூறு வயசு!”

உங்களுக்குத் தெரியும், ஒராளைப் பற்றிக் கதைக்கேக்க அந்த ஆள் வந்து நிண்டால் எங்கட வாயில தானா வாற சொல்லு. ஆயிரம் தரம் சொல்லியிருப்பம். நான் சிரிச்சுக்கொண்டு அதை இங்கிலீஷில அத்தானுக்குச் சொன்னன்.

அவர் சிரிக்கேல்லை. “தயவுசெய்து அப்பிடிச் சொல்லாதே, டங்காச்சி,” எண்டார்.

நீங்கள் எவ்வளவு சொல்லிக் குடுத்தும் அவற்ற வாயில ‘தங்கச்சி’ வராது, ‘டங்காச்சி’தான். நாங்கள் கதைக்கிறது இங்கிலீஷில. எனக்குக் கோவம் வந்தால் தமிழ் வந்திடும், அவருக்கு அது விளங்கியும் விடும்.

“ஒப்பரேஷன் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்,” எண்டார்.

“ஏன் அத்தான்? விசரோ உங்களுக்கு?”

“சித்திரைக்கு முதல் நான் போனால் எல்லாம் முழுசா ரவிக்கு. சித்திரைக்குப் பிறகு போனால் ரோட்டுப் பக்கத்து வயல் போகும். அவ அங்க இருக்கிறா. மாடு எப்ப கண்டு போடவேணும் எண்டு நான் ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்தவன். இதுவும் அப்பிடி ஒரு கணக்குத்தான்.”

சோறு ஆக்கிறதைப் பற்றிக் கதைக்கிற மாதிரிச் சொல்லுறார் அக்கா. நான் கத்தினன். பக்கத்து ஃப்ளட்டுக் கதவு திறந்து, அந்தச் சிங்கள நோனா, “மொகத, மொகத வுனே?” என்ன நடந்தது எண்டு கேட்டு ஓடிவந்தா. “முகுத் நே,” ஒண்டுமில்லை எண்டு அவவை அனுப்பிப்போட்டுத் திரும்பக் கத்தினன். “அக்கா போகேக்க உங்களை என்னட்டத்தான் ஒப்படைச்சவ,” எண்டன். ரவிக்குக் காணி வேணுமோ அப்பா வேணுமோ எண்டு கேட்டன். அவர் எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, “மழை வரப்போகுது, மாடு உள்ளுக்குப் போகவேணும்,” எண்டு ஃபோனை வச்சிட்டார்.

உடனே ரவிக்கு எடுத்தன். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆசுப்பத்திரியில இருந்து வீட்டுக்கு எடுத்துச் சொல்லியிருக்கினம். “நான் முழங்காலில நிண்டு கேட்டனான் சித்தி. எல்லாத்தையும் வித்துப்போடுங்கோ, நான் லொறி ஓடப் போறன் எண்டனான். தலையைத் தடவிப்போட்டு வெளியில போயிட்டார்,” எண்டான். அவ்வளவு பெரிய பெடியன், அக்கா, மாட்டுக் கொட்டிலுக்குள்ள நிண்டு குழறுறான். பின்னால மாடுகளும் கத்துது. எனக்கு இஞ்ச இருந்து என்ன செய்ய ஏலும்? வீசாவுக்குப் போட்டனான், கிடைக்கேல்லை. ஏனெண்டும் சொல்லேல்லை.

ஏலாதவளுக்குக் கோயில்தானே. கொட்டாஞ்சேனைக்குப் போனன், அம்மா எங்களைக் கொண்டுபோற அதே பிள்ளையார் கோயில். த்ரீவீல் பெடியனை, “பொட்டக் இன்ன மல்லி,” கொஞ்சம் நில்லு தம்பி எண்டு வாசலில நிப்பாட்டிப்போட்டு அர்ச்சனைத் தட்டோட உள்ளுக்குப் போனன். ஐயர் கேட்டார், “பேர்? நட்சத்திரம்?”

“டேவிட். ரோகிணி.”

அவருக்கு ஏது நட்சத்திரம்! நீங்கள்தானே முதல்முறை அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, “என்ர நட்சத்திரத்தையே இவருக்கும் போடுங்கோ ஐயா, ஒரு வீட்டுக்கு ஒண்டு காணும்,” எண்டீங்கள். அண்டையில இருந்து அவரும் ரோகிணி.

ஐயர் சொல்லத் தொடங்கினார். டேவிட் நாமதேயஸ்ய எண்டு ராகமா இழுத்து, ஆயுராரோக்கிய ஐஸ்வர்ய எண்டு வந்தார். அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட காலத்தில இருந்து கேக்கிற சொல்லு. ஆயுசு, சுகம், சொத்து. மூண்டையும் ஒரே மூச்சில கேட்டுக்கொண்டு போறது. ஒண்டைக் கேட்டால் மற்றது போகும் எண்டு ஒருநாளும் யோசிச்சதில்லையே!

“ஐயா, ஐயா,” எண்டு மறிச்சன். “அந்த ஐஸ்வர்யத்தை விட்டிட்டுச் சொல்லுங்கோ. ஆயுசும் சுகமும் மட்டும் காணும்.”

ஐயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்பிடி விட்டுச் சொல்ல ஏலாதம்மா. அது ஒரே சொல்லு.” பின்னால சனம் தட்டோட நிண்டு தள்ளுது. அவர் முதலில இருந்து முழுசாச் சொல்லி முடிச்சு, திருநீறு தந்து, அடுத்த பேரைக் கேட்டார்.

வழியில செவ்வாய்க்கிழமைச் சனத்தோட சனமா அந்தோனியார் கோயிலுக்குள்ள போய் அவருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். வெள்ளைக்காரருக்கு அவர்தானே கிட்ட. அவரிட்ட ஐஸ்வர்யம் எண்ட பேச்சே எடுக்கேல்லை.

ஐப்பசி போச்சு. கார்த்திகையும் வந்துது. நான் ஒவ்வொரு நாளும் எடுப்பன், அத்தான் ஒவ்வொரு நாளும் மாட்டைப் பற்றிக் கதைப்பார். குரல் மெலிஞ்சுகொண்டே போச்சு. ஒரு வசனத்துக்கு நடுவில ரெண்டு தரம் மூச்செடுப்பார். நான் பிறகு ஏசேல்லை. ஏசினால் ஃபோனை எடுக்காமல் விட்டிடுவார் எண்டு பயம்.

கார்த்திகை முடியிற நேரத்தில ரவியிட்ட இருந்து ஒரு செய்தி. சட்டத்தில சின்ன மாற்றமாம். முந்திச் செத்துப்போன மனிசியோ புருஷனோ பாவிக்காமல் விட்ட வரிவிலக்குப் பங்கையும் மற்றவரின்ர எல்லையோட சேர்க்கலாமாம். பிறகு டிசம்பரில, நத்தாருக்குக் கிட்ட எல்லையையே நல்லாக் கூட்டிவிட்டினம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் பண்ணைக்கு வரியே வராது. “சித்தி, அம்மாவின்ர பங்காலதான் காணி தப்பினது,” எண்டு எழுதியிருந்தான்.

நான் அதை எத்தினை தரம் வாசிச்சன் எண்டு எனக்கே தெரியாது. இவர் எழும்பி நிண்டு கை தட்டினார். செத்துப்போன நீங்கள், வயலில பாதியும் கடலில பாதியுமாக் கிடக்கிற நீங்கள், ஒரு விரலும் அசைக்காமல் காணியைக் காப்பாத்திப் போட்டீங்கள் அக்கா. முந்தி நட்சத்திரத்தைக் குடுத்தீங்கள், இப்ப பங்கைக் குடுத்தீங்கள்.

அத்தானுக்கு எடுத்தன். ரவி சொல்லியிருக்கிறான். அங்கால கேத்தில் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டுது.

பிறகு சொன்னார், “அவ எப்பவும் பிந்தித்தான் வருவா, டங்காச்சி.”

“இப்ப ஒப்பரேஷனுக்குப் போவீங்கள்தானே?”

“இப்ப போறன்,” எண்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

போனார். தை மாசம் திரும்பப் பரிசோதிச்சினம். இதயம் நல்லாப் பலவீனமாப் போச்சாம். ஒப்பரேஷன் தாங்காதாம். புரட்டாசியில வந்திருந்தால் ஒரு கை பார்த்திருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னாராம். இனிக் குளிசை மருந்துதான், எவ்வளவு காலத்துக்கு எண்டு சொல்லமாட்டினமாம். ரவி இதை எனக்குச் சொல்லிப்போட்டு, “ஐயோ சித்தி,” எண்டான். நீங்கள் அவனுக்குப் படிப்பிச்ச நாலைஞ்சு தமிழ்ச் சொல்லில ‘ஐயோ’ ஒண்டு.

அண்டைக்கு நான் பல்கனியில நிண்டு ரயில் போறதைப் பார்த்துக்கொண்டு நிண்டன். ஒண்டு போச்சு, பிறகு ஒண்டு வந்துது. இவர் தேத்தண்ணி கொண்டுவந்து வச்சார், அது ஆறிப்போச்சு.

நான் ஆரை ஏசுறது அக்கா? சொல்லுங்கோ. அத்தானையோ? அவர் மகனுக்காகவும் உங்களுக்காகவும் செய்தவர். சட்டம் போட்ட மந்திரியையோ? அந்த ஆளுக்கு டேவிட் எண்டு ஒரு மனிசன் ஒரு மூலையில மூச்சை எண்ணிக்கொண்டு இருக்கிறார் எண்டு தெரியுமோ? எங்கட தலையெழுத்து எண்டால் மாத்த ஏலாது, சரி, விட்டிடலாம். இது பேனையால எழுதினது. நத்தாருக்கு மாத்த ஏலுமெண்டால் புரட்டாசிக்கு ஏன் ஏலாமல் போச்சு? அங்க டிராக்டரில நிண்டு கத்தினவை முதல் நாளிலேயே இதைத்தானே கேட்டவை. இவர் சொல்லுறார், “காணி தப்பினதைப் பார், அதை நினைச்சுச் சந்தோஷப்படு.” படத்தான் வேணும். என்னால ஏலாமல் கிடக்குது.

வருஷப்பிறப்புக்குத் திரும்பவும் கொட்டாஞ்சேனைக்குப் போனன். புதுச்சேலை கட்டினன், இவர் கைவிசேஷக் காசு தந்தார், எல்லாம் முறைப்படி. சட்டம் தொடங்கி ஒரு கிழமை ஆகுது. அதே ஐயர். “டேவிட், ரோகிணி,” எண்டன். இந்த முறை நான் மறிக்கேல்லை. ஆயுராரோக்கிய ஐஸ்வர்ய எண்டு அவர் ஒரே மூச்சில சொல்லிக்கொண்டு போனார். ஐஸ்வர்யம் பத்திரமா இருக்கு. மற்ற ரெண்டையும் பிள்ளையாரிட்டக் கேக்க எனக்கு வாய் வரேல்லை, தட்டை மட்டும் நீட்டிக்கொண்டு நிண்டன்.

வெளியில வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, “இப்ப அங்க விடியப்புறம், எழும்பியிருப்பாரோ?” எண்டு இவரிட்டக் கேக்கிறன், கைப்பைக்குள்ள ஃபோன் அடிக்குது. அவர்தான்! ரவி பின்னுக்கு நிண்டு வீடியோவில பிடிக்கிறான். பனிக்காலம் முழுக்கக் கொட்டிலுக்குள்ள நிண்ட மாடுகளை அண்டைக்குத்தான் முதன்முதல் பச்சைப் புல்லில விட்டிருக்கினம். அந்தக் கிழட்டு மாடுகள் கண்டு மாதிரித் துள்ளுது அக்கா! ரோட்டுப் பக்கத்து வயல்தான். உங்களைச் சுத்தி ஒரே கொண்டாட்டம். அத்தான் கதிரையில, முழங்காலுக்கு மேல கம்பளி போட்டுக்கொண்டு இருந்து பார்க்கிறார். கன்னம் ஒட்டிப்போச்சு.

என்ர வாய் இருக்கே, அது என்னைக் கேட்டோ கதைக்குது? “நூறு வயசு அத்தான்!” எண்டு வந்திட்டுது. வந்த பிறகுதான் நாக்கைக் கடிச்சன்.

அவர் சிரிச்சார். மூச்சு வாங்கி வாங்கிச் சிரிச்சார்.

“இப்ப சொல்லலாம், டங்காச்சி,” எண்டார். “இனி அதால ஆருக்கும் நட்டமில்லை.”

த்ரீவீலில வரும்வரைக்கும் இவர் என்ர கையை விடேல்லை. நான் கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தை வரைக்கும் அழுதுகொண்டுதான் வந்தன். ட்ரைவர் பெடியன் ரேடியோவைக் குறைச்சு விட்டான்.

அக்கா, நீங்கள் என்னட்ட ஒப்படைச்சதை நான் வடிவாச் செய்யேல்லை எண்டு நினைக்காதேங்கோ. எனக்குக் கையில ஃபோன் ஒண்டும் கோயில் ரெண்டும்தான் இருந்தது. இனியும் ஒவ்வொரு நாள் பின்னேரமும் எடுப்பன். எடுக்கிற ஒவ்வொரு முறையும் நூறு வயசு எண்டு சொல்லுவன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பரவாயில்லை, அவர் சிரிக்கிறார். இது உங்களுக்கு நான் தாற வாக்கு.

உங்களிட்டயும் ஒண்டு கேக்கிறன். அவர் அங்க வெளிக்கிட்டு நிக்கேக்க கூட்டிக்கொண்டு போக நீங்கள்தான் வருவீங்கள், எனக்குத் தெரியும். ஒருநாளும் நேரத்துக்கு வந்த மனிசியில்லை நீங்கள். இந்த ஒரு முறையும் பிந்துங்கோ அக்கா. நல்லாப் பிந்தி வாங்கோ.

உங்களுக்குத் தங்கச்சி,
அவருக்கு டங்காச்சி.